உருட்டுப்புரை

பலகையில் இருந்தது
'டென்னிசன் பௌலிங் சென்டர், கருங்கல்.'
அப்படி ஒருவரும் சொன்னதில்லை.
உருட்டுப்புரை என்றால் போதும்,
ஆட்டோ வந்து வாசலில் நிற்கும்.

குவைத்தில் பதினோரு வருடம்
அடுத்தவர் சாய்த்த கட்டைகளை
நிமிர்த்தும் மிஷினுக்கு கிரீஸ் போட்டவர் அப்பா.
போர் வந்தது.
எல்லோரும் உயிரைக் கொண்டுவந்தார்கள்.
அவர் கூடவே ஒரு பந்தையும்,
ஏழு கிலோ, கறுப்பு, மூன்று துளை.
அம்மா அதை இரண்டு தரம் குலுக்கிப் பார்த்தாள்,
உள்ளே ஏதாவது ஒளித்திருப்பாரோ என்று.

ரப்பர் நின்ற நாற்பது சென்ட் போனது.
தடங்களுக்கு அயினிப் பலகை இழைத்தவர்
குளச்சலில் வள்ளம் கட்டும் மரிய சூசை;
"இது தண்ணியில போவாதுல்லா?" என்று
கடைசி ஆணி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.
ரப்பர் மரத்தில் கடைந்த கட்டைகள்
ஒரு வாரத்தில் பிளந்தன.
பிறகு புளி. அது நின்றது.

மிஷின் வாங்கக் காசில்லை.
குழிக்குள் குந்தியிருந்து கட்டை நிமிர்த்த
அண்ணன் ஜெயசிங், தம்பி ஹெப்சன்.
எனக்குச் செருப்பு மேசை:
இருபத்திரண்டு ஜோடி ஷூ, டோக்கன்,
ஓட்டைச் சாக்ஸை மறைக்க
சுவர் பார்த்துத் திரும்பும் வாத்தியார்கள்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கி
அண்டி ஆபீஸ் பெண்கள் வருவார்கள்.
பால் சுட்டுக் கறுத்த விரல்கள்
துளைகளில் வழுக்காமல் உட்காரும்.
ரோஸ்லெட், அஞ்சாம் நம்பர் ஷூ,
ஒரு மழைநாளில் அடித்தாள் இருநூற்றுப் பதினொன்று.
அப்பா அதைச் சுவரில்
பெயின்டால் எழுதினார், சாக்பீஸால் இல்லை.
அழிக்க ஆள் வரவில்லை இதுவரை.

அப்பா போனார்.
நாலு தடம், மூன்று பிள்ளைகள்.
முறித்த நோட்டுத்தாளில் அவர் கையெழுத்து:
மூத்தவனுக்கு இரண்டு, இளையவனுக்கு இரண்டு,
செருப்பு மேசையும் ஓடையும் மகளுக்கு.

குழித்துறை கோர்ட்டில் வக்கீல் கேட்டார்,
"எந்த ஓடை?"
தடத்தின் இருபுறமும் ஓடுவதும் ஓடைதான்.
பந்து திரும்பி வருவதும் ஓடைதான்.
சர்வே நம்பர் எதற்கும் இல்லை.
ஜட்ஜ் சிரித்தார் என்றார்கள்;
நான் பார்க்கவில்லை, கீழே சாயா குடிக்கப் போயிருந்தேன்.
இரண்டுமே எனக்கென்று தீர்ப்பு.
ஆக,
தவறிப் போகும் பந்தெல்லாம் என்னுடையது,
போய்த் திரும்புவதும் என்னுடையது.

நடுவில் செங்கல் சுவர் எழுந்தது,
ஓடை வரும் இடத்தில் மட்டும் ஒரு சந்து விட்டு.
அவர்கள் பேசாத ஒன்பது வருடமும்
பந்துகள் கலந்துதான் வந்தன.
நான் பிரித்துக் கொடுத்ததில்லை.

ஓகியில் கூரை போனது.
மூன்றாம் தடம் நனைந்து உப்பி
எதை உருட்டினாலும் இடப்பக்கம் இழுத்தது.
வெளியூர்க்காரர் திட்டினார்கள்;
உள்ளூர்ப் பையன்கள் வலது ஓடையைக் குறிவைத்து
நடுக்கட்டையைச் சாய்த்தார்கள்.
ஹெப்சனுக்கு அலுத்துவிட்டது. இப்போது அவன் பக்கம்
டைல்ஸ் கடை.
இத்தாலி என்று சொல்லி விற்கிற பளபளப்பு.

போன மாதம் ரோஸ்லெட் வந்தாள்.
முட்டில் பெல்ட் கட்டியிருந்தாள்.
"அஞ்சு இருக்கா?"
இருந்தது, லேஸ் மட்டும் வேறு நிறம்.
சுற்றிப் பார்த்துக் கேட்டாள்,
"என் நம்பரு எங்கே?"

அந்தச் சுவர் தம்பி பாகத்தில்.
பாத்ரூம் டைல் வரிசைக்குப் பின்னால்
இருக்கும், இருக்க வேண்டும்.
"இருக்கு" என்றேன்.

முதல் பந்து ஓடையில் போனது.
எடுத்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன்.
இரண்டாவதும் ஓடை.
"இதுக்குக் காசு கேப்பியா?"
"என் ஓடையில வந்தா கேக்க மாட்டேன்."

கடைசி பஸ் ஏழே முக்காலுக்கு.
ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.